எத்தனை வாட் என்று கேட்கும் கிட்டார் நண்பர்களுக்கு

அடுக்குமாடி வீட்டில் குடியிருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பேண்டோடு வாசித்துக்கொண்டு, முதல் டியூப் ஆம்புக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

ஆம்ப் பற்றிப் பேச உங்களில் யார் வந்தாலும் முதல் கேள்வி, "அண்ணா, எத்தனை வாட் வாங்கலாம்?" என்பதாகவே இருக்கிறது. 5 போதுமா, 15 அதிகமா, 1 வாட்டில்கூட வருகிறதாமே, அது வீட்டுக்குத் தோதாக இருக்குமா? ஒரு எண்ணைச் சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. டியூப் ஆம்ப் மாதச் சம்பளத்தில் சட்டென்று வாங்குகிற பொருளல்ல. சரியாக அமைந்துவிட்டால் இருபது வருஷம் கூடவே இருக்கும். பெட்டியில் எழுதியிருக்கிற எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் விற்க ஆள் தேடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட் என்பது சத்தத்தின் அளவு அல்ல. உங்கள் ஒலி கலங்காமல், கிளீனாக, எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கான எல்லை அது. ஆகவே நீங்கள் முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: நான் வாசிக்கும் இடத்தில், என்னோடு வாசிக்கிறவர்கள் நடுவில், என் கிட்டார் கிளீனாகக் கேட்க வேண்டுமா, கலங்கிக் கேட்க வேண்டுமா? இதற்குப் பதில் தெரிந்தால் வாட் தானாக வந்து நிற்கும்.

கொஞ்சம் கணக்குப் போடலாம், கடினமில்லை. பவரை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபெல் கூடும். "லேசாக ஏறியிருக்கிறது" என்று காது சொல்லும், அவ்வளவுதான். "இப்போது இரட்டிப்புச் சத்தம்" என்று காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பவர் பத்து மடங்காக வேண்டும். அப்படியென்றால் 50 வாட் ஆம்ப், 5 வாட் ஆம்பைப் போல இரண்டு பங்கு சத்தம்தான் போடும். 30 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் இடையில் இருப்பது அந்த 3 டெசிபெல்தான். 30 வாட் வாங்கப் பயந்து 15 வாட் வாங்கியவர், சத்தம் என்ற கணக்கில் பெரிதாக எதையும் குறைத்துக்கொள்ளவில்லை.

இனி ஸ்பீக்கரைக் கவனியுங்கள், ஏனென்றால் வாட்டை விட இதுதான் அதிகம் பேசும். ஒவ்வொரு கிட்டார் ஸ்பீக்கருக்கும் ஒரு சென்சிடிவிட்டி எண் உண்டு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பது அந்த எண். செலஸ்டியன் நிறுவனத்தின் விண்டேஜ் 30-க்கு அது 100. அதே நிறுவனத்தின் கிரீன்பேக்குக்கு 98. இந்த 2 டெசிபெலே ஆம்பின் பவரை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றியதற்குச் சமம். சிறிய ஆம்புகளில் போடுகிற 8 அங்குல ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் இதைவிடவும் இறங்கித்தான் இருக்கும். அதனால்தான் ஒரே 5 வாட் ஆம்ப், தன் சொந்த 8 அங்குல ஸ்பீக்கரில் டப்பாவுக்குள் இருந்து பேசுவது போலவும், 12 அங்குல கேபினெட்டில் இணைத்தால் பெரிய ஆம்ப் போலவும் கேட்கிறது.

இப்போது வீட்டுக்கு வருவோம். 100 டெசிபெல் ஸ்பீக்கர், ஒரு மீட்டர் தூரம். ஒரு வாட்டில் 100 டெசிபெல். பத்தில் ஒரு பங்கு வாட்டில் 90. நூறில் ஒரு பங்கில் 80. ஆயிரத்தில் ஒரு பங்கில், அதாவது 1 மில்லிவாட்டில், 70. அந்த 70 என்பது கூடத்தில் டிவி சத்தத்தைச் சற்று ஏற்றி வைத்துக் கேட்கிற அளவு. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்றால் அதுவே கொஞ்சம் அதிகம். நீங்கள் வீட்டில் நிஜமாகவே செலவழிப்பது மில்லிவாட்டுகளைத்தான். "வீட்டுக்கென்றே 1 வாட் டியூப் ஆம்ப்" என்று விற்கப்படுவதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். அதன் பவர் டியூப் முழுமூச்சில் பாடும்போது ஒரு மீட்டரில் 100 டெசிபெல் வரும். மூடிய படுக்கையறையில் அது தாங்க முடியாத சத்தம். பவர் டியூபை உச்சத்தில் ஓட்டி அந்த இனிமையை வீட்டிலேயே பெறலாம் என்று எண்ணி 1 வாட் வாங்குகிறவருக்கு, அந்த இனிமை கிடைக்கிற இடம் அப்போதும் எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது.

பாதி பவர் பொத்தானும் இப்படித்தான். ஆரஞ்ச் நிறுவனம் 2006-ல் கொண்டுவந்த டைனி டெரர், கையில் தூக்கிப் போகிற இரும்புப் பெட்டிக்குள் 15 வாட் டியூப் ஆம்பை அடைத்து, சின்ன ஹெட்களின் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்புகளின்) ஒரு காலத்தையே தொடங்கிவைத்தது. அதில் 15, 7 என்று ஒரு சுவிட்ச் உண்டு. நல்ல ஆம்ப், நல்ல சுவிட்ச். ஆனால் 7-க்குத் தட்டினால் குறைவது 3 டெசிபெல் சொச்சம்தான். ஒலியின் குணம் கொஞ்சம் மாறும், கிரஞ்ச் சற்று முன்னதாக வரும். அதற்காக அதைப் பயன்படுத்துங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வாசிக்க அது உதவாது.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது?

நீங்கள் கிளீனாக வாசிப்பவர், வேண்டிய டிஸ்டார்ஷனை பெடலில் எடுத்துக்கொள்பவர் என்றால் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட். அதன் வால்யூமை 2-ல் வைத்து, ரிவெர்பைக் கொஞ்சம் திறந்து வாசித்துப் பாருங்கள். எதையும் உச்சத்துக்கு ஓட்ட வேண்டிய கட்டாயம் இல்லாததால், அது சன்னமான சத்தத்திலும் அழகாகவே பேசும். பெரிய ஆம்ப் வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை கிளீன் வாசிப்பவருக்குப் பொருந்தாது.

ஆம்பிலிருந்தே கிரஞ்ச் வேண்டும் என்பவர்கள் மாஸ்டர் வால்யூம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் இருக்கிற ப்ரீ-ஆம்ப் டியூபை நன்றாகச் சூடாக்கி ஓட்டி, பின்னால் மாஸ்டரைக் குறைத்துக்கொள்ளலாம். மாஸ்டர் இருந்தால் போதாது, அது ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். சில ஆம்புகளில் மாஸ்டரைக் குறைத்தால் ஒலி மெலிந்து, கொசு ரீங்காரம் போலாகிவிடும். கடையில் சோதிக்கும்போது சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள், எந்த ஆம்பும் சத்தமாக வாசித்தால் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் பக்கத்தில் நிற்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிற அளவுக்குக் குறைத்து வைத்துவிட்டு வாசியுங்கள். வீட்டு ஆம்பின் தரம் அங்கேதான் தெரியும்.

மூன்றாவது வழி அட்டனுவேட்டர். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இணைக்கிற பெட்டி அது. ஆம்ப் தருகிற பவரில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிட்டு, மிச்சத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஆம்பின் வாட்டைப் போல இரண்டு மடங்காவது தாங்குகிற அட்டனுவேட்டரை வாங்குங்கள். 15 வாட் என்று எழுதியிருப்பது கிளீனாக இருக்கும்வரைக்குமான அளவு. முழுக்கத் திறந்தால் அதைத் தாண்டிப் போகும். பவர் டியூப்கள் அப்போதும் முழு உழைப்பு உழைக்கின்றன, தேய்கின்றன என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொரு விஷயம், இதில் ஆம்பின் குற்றம் எதுவும் இல்லை. சத்தம் குறையும்போது நம் காது பேஸையும் ட்ரெபிளையும் விட்டுக்கொடுத்து, நடு ஒலிகளையே பிடித்துக்கொள்கிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள். வீட்டில் குறைந்த சத்தத்தில் பேஸை ஏற்றி, ட்ரெபிளை ஏற்றி, "இதுதான் என் டோன்" என்று குறித்துவைத்துக்கொண்டு ஜாம் ரூமுக்குப் போனால், அங்கே அதே அமைப்பு குழறலாகவும் காதைக் குத்துவதாகவும் கேட்கும். வீட்டுக்கு ஒன்று, பேண்டுக்கு ஒன்று என்று இரண்டு அமைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரியில் ஹெட்ஃபோனோடு மட்டும்தான் வாசிக்க முடியும் என்கிற நிலையில் இருப்பவர்களுக்கு என் உண்மையான யோசனை, இப்போதைக்கு டியூப் ஆம்ப் வாங்க வேண்டாம் என்பதே. நல்ல மாடலிங் ஆம்ப் ஒன்று உங்களுக்கு மகிழ்ச்சியாகப் பயன்படும். பணம் மிச்சம். மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். ஒரு பாட்டுக்குக் கிளீன் ஆர்பெஜியோ, அடுத்த பாட்டுக்கு லீட், அதற்கடுத்ததற்கு அகூஸ்டிக் ஒலி, எல்லாம் ப்ராசஸரிலிருந்து நேரே மிக்ஸருக்குப் போகிறது. அந்த மேடையில் டியூப் ஆம்புக்கு இடமே கிடையாது.

பிறகு ஏன் டியூப்? 1950-களின் பிற்பகுதியில் வந்த ஃபெண்டர் சாம்ப் ஒன்றின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். உள்ளே மூன்றே டியூப். விரல் அளவில் ஒரு 12ஏஎக்ஸ்7, அதைவிடப் பருத்த ஒரு 6வி6, அதன் பக்கத்தில் ஒரு 5ஒய்3. முன்னால் திருப்புவதற்கு ஒரே குமிழ், வால்யூம். கம்பியை மீட்டினால் பிக்கப்பில் எழுகிற மிகச் சின்ன மின் அலை 12ஏஎக்ஸ்7-க்குள் போய், குமிழைக் கடந்து, அதே டியூபின் இரண்டாவது பாதியில் இன்னொரு முறை பெருகி, 6வி6-ஐ வந்தடைகிறது. அங்கிருந்து ட்ரான்ஸ்ஃபார்மர், அதிலிருந்து 8 அங்குல ஸ்பீக்கர். 5ஒய்3-இன் வேலை சுவரிலிருந்து வரும் ஏசி மின்சாரத்தை டிசி ஆக்குவது. மொத்தமே இவ்வளவுதான். 5 வாட் வரும்.

குமிழைப் பாதிக்கு மேல் வைத்துவிட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தொட்டால் தெளிவான மணியொலி. அதே கம்பியை அழுத்தி அடித்தால், அலையின் உச்சி மழுங்கி, ஒலி தடித்து, நீண்டு நிற்கிறது. நடுவில் எந்த சுவிட்சும் இல்லை. கிட்டாரின் வால்யூமை இரண்டு புள்ளி குறைத்தால் மறுபடி தெளிகிறது. உங்கள் வலது கை செய்கிற ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ஆம்ப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்த உரையாடலுக்காகத்தான் இத்தனை எடையையும் சூட்டையும் செலவையும் நாம் பொறுத்துக்கொள்கிறோம். 1970-ல் மயாமியின் கிரைட்டீரியா ஸ்டூடியோவில் எரிக் கிளாப்டன் 'லேலா' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது பயன்படுத்தியது சாம்ப் ஆம்பைத்தான். மைக்கின் முன்னால் 5 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் அளவு வித்தியாசம் கிடையாது, குண வித்தியாசம் மட்டும்தான்.

"டியூப் வாட் பெரிய வாட், டிரான்சிஸ்டர் வாட் சின்ன வாட்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. வாட் எல்லாம் ஒன்றுதான். எல்லையைத் தாண்டிய பிறகு நடப்பதுதான் வேறு. டிரான்சிஸ்டர் ஆம்ப் எல்லையைத் தாண்டியதும் கரகரக்கும், நாம் உடனே குறைத்துவிடுவோம். டியூப் ஆம்ப் தாண்டிய பிறகும் கேட்க நன்றாக இருப்பதால் அந்தப் பகுதியையும் சேர்த்தே பயன்படுத்துகிறோம். ஃபெண்டர் நிறுவனமே 2019-ல் தன் டீலக்ஸ் ரிவெர்பை டிஜிட்டலாகச் செய்து 'டோன் மாஸ்டர்' என்று கொண்டுவந்தபோது, 22 வாட் டியூப் ஆம்பின் நடத்தையைக் கொண்டுவர 100 வாட் டிஜிட்டல் பவர் ஆம்பை அதற்குள் வைத்தது.

இனி பேண்ட். இங்கே சத்தத்தைத் தீர்மானிக்கிறவர் நீங்கள் அல்ல, டிரம்ஸ் வாசிப்பவர். மூடிய அறையில் டிரம்ஸை இயல்பாக அடித்தாலே 100 டெசிபெல்லைத் தாண்டிப் போகும். 15 வாட், 100 டெசிபெல் ஸ்பீக்கர் என்றால் உங்களுக்கு ஒரு மீட்டரில் 112 டெசிபெல் வரை கையில் இருக்கிறது. 5 வாட் என்றால் 107. போதும் போலத் தோன்றும். ஆனால் பிக் கம்பியில் படுகிற அந்தக் கணத்தின் உச்சம், பிறகு நீண்டு ஒலிக்கிற ஒலியை விடப் பல டெசிபெல் உயரமானது. கிளீனாக இருக்க வேண்டுமென்றால் அந்த உச்சத்துக்கும் மேலே இடம் விட்டாக வேண்டும். அப்படி விட்டால் சராசரிச் சத்தம் டிரம்ஸுக்குக் கீழே போய்விடும். ப்ளூஸ், ராக் என்று கிட்டார் எப்போதும் கொஞ்சம் கலங்கியே ஒலிக்கிற பேண்டுக்கு 15 வாட் தாராளம். கண்ணாடி போன்ற கிளீன் வேண்டும், பக்கத்தில் பலமாக அடிக்கிற டிரம்மர் என்றால் 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப்கூட நடுவழியில் கலங்க ஆரம்பிக்கும். 5 வாட்டோடு ஜாம் ரூமுக்குப் போனால் லீட் வாசிக்கும்போது சமாளிப்பீர்கள், கார்டு வாசிக்கும்போது காணாமல் போய்விடுவீர்கள்.

மேடையில் நிலைமை மாறிவிடுகிறது. 100 வாட் மார்ஷல் ஏன் பிறந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1965 வாக்கில் தி ஹூ குழுவின் பீட் டவுன்செண்டும் ஜான் என்ட்விசிலும் இன்னும் சத்தம் வேண்டும் என்று ஜிம் மார்ஷலிடம் போய் நின்றார்கள். அந்தக் காலத்து மேடை ஒலிபெருக்கி பாடகரின் குரலுக்கே போதாமல் இருந்தது. கிட்டார் சத்தம் கடைசி வரிசைவரை போக வேண்டுமென்றால் ஆம்பே அதைச் சுமக்க வேண்டியிருந்தது. இன்று ஸ்பீக்கர் துணிக்கு முன்னால் ஒரு எஸ்எம்57 மைக்கை வைத்துவிட்டால் அரங்கத்தை நிரப்புவது அரங்க ஒலிபெருக்கி அமைப்பான பிஏ-வின் பொறுப்பு. நீல் யங் பல பத்தாண்டுகளாகப் பெரிய மேடைகளில் தன் ஒலியின் உயிராக வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டின் சின்ன ஃபெண்டர் டீலக்ஸ் ஒன்றை. 20 வாட்டுக்குள் அடங்குகிற, ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஆம்ப். 100 வாட்டைத் தேவையாக்கிய காரணம் போய்விட்டது. அந்த எண்ணின் மேல் இருக்கும் மயக்கம்தான் நம்மிடம் மிச்சம்.

ஆம்பைத் தரையில் வைத்து அதற்கு நேர் முன்னால் நின்று வாசிக்கிற பழக்கத்தையும் விடுங்கள். ட்ரெபிள், ஸ்பீக்கரின் நடுவிலிருந்து டார்ச் ஒளி மாதிரி நேராகத்தான் பாயும். அது உங்கள் முழங்காலில் பட்டுக்கொண்டிருக்க, உங்கள் காதுக்கு மந்தமாகக் கேட்கிறது என்று நீங்கள் ட்ரெபிளை ஏற்றுவீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஒரு நாற்காலியில் ஏற்றி வையுங்கள், அல்லது பின்னுக்குச் சாய்த்து வையுங்கள். வீட்டிலும் இதனால் இன்னொரு நன்மை உண்டு: பேஸ் அதிர்வு தரை வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்குவது குறையும்.

சரி, எதை வாங்குவது? வீடு, பேண்ட் இரண்டுக்கும் ஒரே ஆம்ப் என்றால், 15-லிருந்து 22 வாட்டுக்குள், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றோடு இருக்கிற காம்போவைத்தான் நான் வாங்கச் சொல்வேன். 1 வாட், 5 வாட் பக்கம் போக வேண்டாம். கீழே குறைப்பதற்கு மாஸ்டரும் அட்டனுவேட்டரும் இருக்கின்றன. இல்லாத ஹெட்ரூமை, அதாவது கலங்காமல் ஏறுவதற்கான இடத்தை, எந்தப் பெட்டியும் கூட்டித் தராது.

அந்த வட்டத்துக்குள் என் மனம் முதலில் போவது வாக்ஸ் ஏசி15-க்கு. டிக் டென்னி வடிவமைத்த அசல் 1950-களின் இறுதியில் இங்கிலாந்தில் பிறந்தது. இரண்டு இஎல்84 டியூப்கள். கார்டு வாசித்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக மினுமினுக்கும், கொஞ்சம் அழுத்தினால் கரகரப்பு பூத்து வரும். இப்போது வருகிற மாடலில் மாஸ்டர் வால்யூமும் உண்டு. குறை, எடை: 22 கிலோ. அதன் அண்ணன் ஏசி30-இன் இரட்டை ஸ்பீக்கர் மாடல் 32 கிலோ வரும். மாடிப்படி ஏறித் தூக்க வேண்டியவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் 15 வாட், அதே இரண்டு இஎல்84, எடை 14 கிலோதான். ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு போய்விடலாம். பெட்டி சின்னது என்பதால் பேஸ் சற்று இறுக்கமாக இருக்கும். பெடல் நிறைய வைத்திருப்பவர்களுக்கு 19 கிலோ டீலக்ஸ் ரிவெர்ப். மார்ஷல் ஒலிதான் வேண்டும் என்பவர்களுக்கு 20 வாட் ஸ்டூடியோ விண்டேஜ், இரண்டு இஎல்34-உடன், பழைய மார்ஷல் ப்ளெக்ஸியின் நேரடி வாரிசு. ஆனால் அதில் மாஸ்டர் வால்யூம் கிடையாது. அதன் சுவிட்சில் 5 வாட்டுக்கு இறக்கினாலும் வீட்டுக்கு மிக அதிகச் சத்தம். அதோடு அட்டனுவேட்டரையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கிற அக்காவோ மாமாவோ வரும்போது கொண்டுவரச் சொல்லலாம் என்று நினைக்கிறீர்களா? பின்பக்கம் ஒட்டியிருக்கிற எழுத்தை முதலில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரே செருகக் கூடாது. ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஆனால் அங்கத்திய 60 ஹெர்ட்ஸை நம் 50 ஹெர்ட்ஸிலிருந்து உண்டாக்கித் தராது. 60-க்கென்றே செய்த பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் 50-ல் கூடுதலாகச் சூடாகும். நம் வெயிலில் அது நல்லதல்ல. 50/60 என்று எழுதியிருந்தால் கவலையில்லை. சிங்கப்பூரிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வருகிற ஆம்பில் இந்தத் தொல்லையே கிடையாது.

வாங்குவதற்கு முன்னால் பயஸ் பற்றிக் கேளுங்கள்; பவர் டியூப் ஓய்வில் எவ்வளவு மின்சாரம் இழுக்க வேண்டும் என்ற அமைப்பு அது. சாம்ப், ஏசி15 போன்ற கேத்தோடு பயஸ் ஆம்புகளில் பவர் டியூபைக் கழற்றிப் புதியது போட்டால் அது தானே தன்னைச் சரிசெய்துகொள்ளும். டீலக்ஸ் ரிவெர்ப் போன்ற ஃபிக்ஸட் பயஸ் ஆம்புகளில் டியூப் மாற்றும்போது தெரிந்தவர் ஒருவர் அளந்து சரிசெய்ய வேண்டும். டியூப் ஆம்ப் தெரிந்த டெக்னீஷியன் உங்கள் ஊரில் இல்லையென்றால் முதல் வகையே உங்களுக்கு நிம்மதி.

டியூப் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் இஎல்84-ஐயும் 12ஏஎக்ஸ்7-இன் ஐரோப்பிய வடிவமான இசிசி83-ஐயும் இங்கேயே செய்தது. தாத்தா வீட்டு வால்வு ரேடியோவுக்குள் இருந்தவையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். இப்போது உலகம் முழுவதற்கும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய தொழிற்சாலைகளே இருக்கின்றன. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டபோது டியூப்களுக்கு எங்கும் தட்டுப்பாடு வந்தது. அதனால் ஆம்ப் வாங்கும் அன்றே ஒரு ஜோடி பவர் டியூபும் ஒரு 12ஏஎக்ஸ்7-ம் சேர்த்து வாங்கி வையுங்கள். இஎல்84, 6வி6, 12ஏஎக்ஸ்7 எங்கும் புழங்குகிறவை. அபூர்வமான டியூப் போட்ட அழகான பழைய ஆம்பை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு டியூபுக்கு அலைய வேண்டாம்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்கிறேன். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். தெரியாமல் திறக்காதீர்கள். அடுத்தது எர்த். ஹம் வருகிறது என்று மூன்றாவது பின்னை ஒடித்துவிடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். கை கம்பியில் இருக்க, உதடு மைக்கில் படுகிற கணத்தில் ஆபத்து வருவது அந்த எர்த் இல்லாத இடத்தில்தான். ஜாம் ரூமிலும் கல்யாண மண்டபத்திலும் எர்த் இருக்கிறதா என்று ஒரு சின்ன டெஸ்டரால் பார்த்துவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள். இன்னொன்று ஆம்பின் உயிர்: ஸ்பீக்கரை இணைக்காமல் டியூப் ஆம்பை ஒருபோதும் ஓட்டாதீர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். வெளி கேபினெட் இணைக்கும்போது 8 ஓம் ஓட்டைக்கு 8 ஓம், 16-க்கு 16.

உங்களில் பெரும்பாலோர் பழைய ஆம்பைத்தான் வாங்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதில் தவறேதும் இல்லை. போகும்போது உங்கள் கிட்டாரையும், உங்கள் கேபிளையும், ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆம்பைப் போட்டு டியூப்கள் சூடானதும், எந்தக் கிட்டாரும் செருகாமல் வால்யூமை மெல்ல ஏற்றி ஹம் எவ்வளவு என்று கேளுங்கள். பின்னால் போய் ப்ரீ-ஆம்ப் டியூப் ஒவ்வொன்றையும் பென்சிலின் மரப்பகுதியால் மிக மெதுவாகத் தட்டுங்கள். லேசான 'டக்' இயல்பு. மணி அடித்தது போல ஸ்பீக்கரில் கணீரென்று நீண்டு ஒலித்தால் அந்த டியூப் மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது. டியூப் மட்டும் மாற்றினால் போதும், விலையில் அதைக் குறைத்துக்கேளுங்கள். பவர் டியூபுக்குள் ஆரஞ்சு நிறத்தில் மினுங்குவது ஹீட்டர், அது சரி. கண்ணாடி ஓரத்தில் நீல ஒளி தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். ஆனால் நடுவிலிருக்கும் சாம்பல் நிறத் தகடே செக்கச் சிவந்து தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே பெரிய கோளாறு. எல்லாக் குமிழ்களையும் ஒரு முறை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கரகரப்பு கேட்டால் சுத்தம் செய்துவிடலாம். கருகிய வாசனை வந்தால் அங்கே நிற்காதீர்கள்.

விற்பவர் ஐந்து நிமிடத்தில் அணைக்கப் பார்ப்பார். அரை மணி நேரமாவது ஓடட்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர் கோளாறுகள் பெரும்பாலும் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். அந்த அரை மணி நேரத்தில் சத்தத்தைக் குறைத்து வைத்து உங்கள் பாட்டுகளை வாசியுங்கள், கடைசி ஐந்து நிமிடம் மட்டும் ஏற்றிப் பாருங்கள். விலையை அதற்குப் பிறகு பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் கிட்டார் தோழன்